சுண்டு விரல் மை

"ஹோமியோபதி இருக்கும்போது என் பிள்ளைக்குச் சொட்டு மருந்து எதுக்கு?" என்று அடித்துச் சொல்லிவிட்டார் சௌரிராஜன். ஆபீஸ் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு அந்தச் சர்க்கரை உருண்டைகள்தான்.

போலியோ ஞாயிறன்று, அவருக்குத் தெரியாமல் குழந்தையைத் தொம்மலூர் முகாமுக்குத் தூக்கிப்போக வேண்டும் என்றிருந்தாள் ஹேமா. ஆனால் காலையில் அப்பாவோடு கடைக்குப் போய்த் திரும்பிய ஷ்ரேயாஸின் சுண்டு விரலில், சொட்டு மருந்து போட்டதற்கு வைக்கும் மை!

மனுஷர் ரகசியமாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டால் வீம்பு வந்துவிடும். ஹேமா வாயைத் திறக்கவில்லை. முகாமுக்கும் போகவில்லை. அன்று அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள்.

மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது இடது கால் துணி மாதிரித் தொங்கியது.

"போலியோம்மா. இந்தக் காலுக்கு இனிமே பலம் வராது. சொட்டு மருந்து போடலையா?" என்றார் டாக்டர்.

"இவர் போட்டாரே! நான் மையைப் பார்த்தேனே!"

சௌரிராஜன் தலை நிமிரவில்லை. "வீடு வீடா வந்து தொல்லை பண்ணுவாங்கன்னு... ஆபீஸ் மார்க்கரால நான்தான் வெச்சேன்."

"நம்ம வீட்டுக்கு யாருமே வரலியேங்க," என்றாள் ஹேமா. "அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்."