எறும்பு கடித்த முட்டி

"இது முட்டியா, படிக்கட்டா?"

சுஜீவன் சார் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துக் கத்தினார். திரையில் பெரியதம்பி என்ற நோயாளியின் வலது முட்டி எலும்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வெட்டு. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி இன்னொரு பக்கம்.

"நான் ஒழுங்காத்தான் சார் வரைஞ்சேன்," என்றாள் புனிதா.

சத்தியமாக ஒழுங்காகத்தான் வரைந்திருந்தாள். தொண்ணூற்றேழில் எஸ்.பி.எம். பரீட்சை முடித்தவள் குருபோங்கில் இருக்கும் இந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி எண்பது படம். ஒவ்வொன்றிலும் எலும்பின் ஓரத்தை மவுஸால் வரைவது அவள் வேலை. கம்ப்யூட்டர் அதையெல்லாம் அடுக்கி முழு எலும்பாக்கும். அந்த எலும்புக்கென்றே அளவெடுத்து உலோக முட்டியை வடிவமைப்பது சுஜீவன் சார்.

இது அவள் வரைந்த முதல் முட்டி.

"நாப்பதாவது படம் வரைக்கும் சரியா இருக்கு சார். நாப்பத்தொண்ணுல எலும்பே நகர்ந்து போச்சு. அந்த ஆளு காலை ஆட்டியிருக்காரு!"

"ஆட்டாதீங்கன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா கேட்டாத்தானே!"

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியதம்பிக்கு ரெடிமேட் முட்டி எதுவும் பொருந்தாது. சின்ன வயதில் உடைந்து, கோணலாய்க் கூடிய எலும்பு.

"வியாழக்கிழமை முட்டியைக் கடையுற மெஷின்ல ஏத்தணும். மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்றேன். நீயும் போ. பக்கத்துல நின்னு பாரு."

போனாள். பெரியதம்பி சிம்பாங் அம்பாட் எஸ்டேட்டில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். தடியை ஊன்றிக்கொண்டு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். புனிதா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அங்கிள், அன்னிக்கு ஏன் காலை ஆட்டினீங்க?"

"எறும்பு கடிச்சிருச்சு ஆயி."

"குளுகுளுன்னு இருக்குற ஏர்கோன் ரூம்ல எறும்பா?"

"பெரிய எறும்பு லா."

"சும்மா கதை விடாதீங்க. இன்னிக்கும் ஆட்டினீங்க, கோணல் முட்டிதான். பாச்சாங் ஊருக்குக் கிளம்பினா தம்பின் ஊர்ல போய் நிப்பீங்க. தேதி போச்சுன்னா ஆபரேஷன் அடுத்த வருஷம்தான், பார்த்துக்குங்க."

சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கிப்போனது.

"வேணாம் ஆயி. பஸ் படி ஏற முடியல. கண்டக்டர் மூட்டை மாதிரி தூக்கிப் போடுறான். இன்னிக்கு உயிரே போனாலும் ஆட்ட மாட்டேன்."

ஆட்டவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று புனிதா எண்பது படத்தையும் எண்ணினாள். மனுஷன் வெட்டிப் போட்ட மரம் மாதிரி கிடந்தார். சில பேருக்குத் திட்டினால்தான் புத்தி வரும் என்று அவளுக்கு ஒரே பெருமை.

"பார்த்தீங்களா அக்கா?" என்றாள், மெஷினை இயக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணவேணியிடம். "நான் கொடுத்த டோஸ் அப்படி. எறும்பு கடிச்சிச்சாம்! எவ்ளோ பெரிய எறும்புன்னு கேக்கணும்."

"நாலு வயசிருக்கும்," என்றாள் கிருஷ்ணவேணி.

"என்னது?"

"அந்த எறும்புக்கு. அன்னிக்கு அடுத்த ஸ்கேன் ஒரு சின்னப் பொண்ணுக்கு. ஊஞ்சல்ல இருந்து விழுந்து தலையில அடி. மெஷினைப் பார்த்ததும், இப்ப நீ நிக்கிற இடத்துல நின்னு ஒரே அலறல். அம்மாக்காரி என்ன சொல்லியும் அடங்கல. இவரு உள்ள படுத்துக்கிட்டே தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியா பார்த்தாரு. கட்டை விரலை ஆட்டிக் காட்டினாரு. அழுகை நின்னுச்சு. அப்புறம் காலையே தூக்கிக் காவடி ஆட வச்சாரு பாரு! இவரு இறங்கினதும் அது சிரிச்சுக்கிட்டே வந்து மெஷின்ல தானா படுத்துக்கிச்சு. அந்தச் சந்தோஷத்துல இவரு படத்தை நான் திரும்பப் பார்க்காம அனுப்பிட்டேன். என் தப்புதான்."

புனிதா கண்ணாடி வழியே பார்த்தாள். ஸ்கேன் முடிந்துவிட்டதுகூடத் தெரியாமல் பெரியதம்பி இன்னும் விறைப்பாகவே கிடந்தார்.

"நீங்க... சொல்லலையா அக்கா, ஆட்டாதீங்கன்னு?"

"சொல்லாம? மைக்ல மூணு தடவை கத்தினேன், 'அங்கிள், காலை ஆட்டாதீங்க, அப்படியே படுங்க'ன்னு. எங்க கேட்டாரு?"