சாவி இல்லாத வாட்ச்

"வேணாங்க, அது உங்களுக்குச் சரிப்படாது" என்றாள் மனைவி, கடைக்காரர் காதுபடவே.

ரிட்டையர் ஆன கையோடு பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று வாங்க வந்திருந்தார் அவர். மேஜையில் இரண்டு வாட்சுகள், பின்மூடி கழற்றி, மெஷின் தெரியும்படி.

"ரெண்டும் கை அசைய அசைய ஓடும் சார்" என்றார் கடைக்காரர். "இது நின்னுட்டா சாவி கொடுத்துக்கலாம். அதுக்குச் சாவியே கிடையாது. மெஷின் அருமை. ஆனா சும்மா உக்காந்திருந்தீங்கன்னா மறுநாளே படுத்துடும்."

"அப்போ சாவி இருக்கறதையே கொடுங்க. இவர் கை அசையறது டிவி ரிமோட்டுக்கு மட்டும்தான்."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக்கினார். இந்தம்மாகிட்ட மனுஷன் என்ன பாடுபடறாரோ, பாவம்!

வாங்க வந்தவருக்குச் சுருக்கென்றது. நேற்று வரை ஒரு பட்டறையையே விரட்டி வேலை வாங்கிய ஃபோர்மேன். இப்போது எதற்கும் உதவாதவனாகிவிட்டோமோ என்று உள்ளுக்குள் ஏற்கெனவே ஒரு அரிப்பு.

"சாவி இல்லாததையே கொடுங்க!" என்றார். மனைவியிடம் திரும்பினார். "ஒரு மாசம். இது நின்னுபோச்சுன்னா வீட்டு வேலை மொத்தமும் நான் பார்க்கறேன். நிக்கலேன்னா, என்னைச் சோம்பேறின்னு நீ வாயே திறக்கக் கூடாது!"

"ஆஹா! கடைக்காரரே, நீங்கதான் சாட்சி" என்றாள் அவள், துள்ளாத குறையாக.

எப்போது பார்த்தாலும் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

சோபாவில் சாய்ந்து கிடந்தார், ஓடியது. பேப்பரை வரி விடாமல் படித்தார், ஓடியது. மத்தியானம் கழற்றி வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், அப்போதும் ஜம்மென்று ஓடியது.

"உழைச்ச உடம்புடி! உக்காந்திருந்தாலும் துடிப்பா இருக்கும்" என்று காதில் வைத்துக் கேட்டுக்கொண்டார். சீட்டிகூட அடித்தார்.

"ரொம்பத்தான்! கடைக்காரர் நல்ல மெஷினா கொடுத்துட்டார்" என்று முகத்தை நொடித்தாள் அவள்.

மாசக் கடைசி நாள். மத்தியானத் தூக்கத்தில் கரண்ட் போய், ஃபேன் நின்று, புழுக்கத்தில் விழித்துக்கொண்டார். மணி பார்க்க மேஜையைத் துழாவினார். வாட்ச் இல்லை.

"ஏம்மா, என் வாட்ச்..." என்றபடி சமையலறைக்குள் போனவர் அப்படியே நின்றார்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் அவருடைய வாட்ச், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை சுற்றி.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அதுக்குள்ள எழுந்துட்டீங்களா?"

"இது... தினமுமா?"

"முதல் வாரமே ஒருநாள் நின்னுபோச்சுங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மெல்ல ஆட்டி ஓடவெச்சு, மணியையும் சரிபண்ணி வெச்சேன். அன்னிலேர்ந்து, துவைக்கறப்போ, பெருக்கறப்போ எல்லாம் கட்டிக்கறேன்."

"அடி அசடே! விட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே! வீட்டு வேலை பூரா என் தலையில விழுந்திருக்குமே!"

அவள் பாத்திரத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"வேலையை விட்டு வந்ததுலேர்ந்து உம்முன்னு இருந்தீங்க. இது ஓடறதைப் பார்த்துத்தான் சிரிக்க ஆரம்பிச்சீங்க. நிக்க விட மனசு வரலை."

அவர் வாட்சை அவள் கையிலிருந்து கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். மேலே பையைச் சுற்றினார்.

"கொடு, இனிமே நானே ஓட்டிக்கறேன்" என்று தேய்க்கும் நாரையும் வாங்கிக்கொண்டார்.