மதியத் தூக்கம்

"உன் அண்ணி இப்போ நடந்துக்கிட்டே ஆபீஸ் வேலை பாக்கறாம்மா!"

பெரியவர் போனில் மகளிடம் பொருமிக்கொண்டிருந்தார்.

"நடந்துக்கிட்டேவா?"

"ஆமா. கீழே நடக்கற மெஷின், அதுக்கு மேல மேஜை, மேஜை மேல லேப்டாப். காலையில ஒன்பது மணிக்கு ஏறினா நடக்கறா, நடக்கறா, நடந்துக்கிட்டே இருக்கா. ஒரு அடி நகரல!"

மகள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே. ஹால்ல பாதி போச்சு. அவ ரூம்ல அவ்வளவு இடம் கிடக்கு, அங்கே போட்டா என்னவாம்? இதுல பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பி வேற. முப்பது வயசுல கம்பி எதுக்கு?"

"அதை விடுங்கப்பா. ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசமாச்சு. நடக்கறீங்களா, இல்லையா? நடக்கலைன்னா முட்டி இறுகிடும், அப்புறம் கட்டிலே கதின்னு டாக்டர் சொன்னாரே..."

பெரியவருக்குச் சுருக்கென்றது.

"தடியை ஊனிக்கிட்டுத் தெருவுல போறதா? நாலு பேர் பாத்து உச்சுக்கொட்டவா? உன் அண்ணியும் முதல்ல இதே பாட்டுதான் பாடினா. எனக்கு யாரும் நடக்கக் கத்துத் தர வேண்டாம்னு ஒரே போடா போட்டேன். அதோட சரி, வாயே திறக்கல."

"நல்லா போட்டீங்க."

"அவ லட்சணத்தைக் கேளு. சாப்பிட்டுட்டு டாண்ணு ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்குவா. மூணு மணி வரைக்கும் தூக்கம். பேருக்குத்தான் நடை!"

உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி இரண்டு.

"சரிம்மா, வெக்கறேன்" என்று அவசரமாகப் போனை வைத்தார்.

படுக்கையறையில், அன்று லீவு போட்டிருந்த மகன் புரண்டு படுத்தான். பக்கத்தில் மனைவி மடியில் லேப்டாப்பை வைத்து, முதுகு வளைந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மேஜையை விட்டுட்டு இங்கே வந்து ஏன் கஷ்டப்படறே?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹாலில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அணைக்காமலே வந்துட்டியா?" என்று எழுந்தான்.

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உஷ்... மெதுவா பேசுங்க. அவருக்காக வாங்கினதுன்னு தெரிஞ்சா மாமா தொடக்கூட மாட்டார். நான் தூங்கறேன்னு நம்பித்தான் தினமும் ஏறறார்."