நடக்காதவள் ரத்தம்

வாயைத் திறந்தால் எதையாவது தப்பாகச் சொல்லி வைத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நடக்கவே கூடாதுன்னுதானே சொன்னேன்?" என்றார் டாக்டரம்மா.

இதய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறை அது. மாரடைப்பு வந்து பிழைத்த கணவர் தினமும் காலையில் வேகமாக நடக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மனைவி எப்போதும்போல் வீட்டோடு இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இருவர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தால், எல்லாம் தலைகீழ்.

"மூச்சு வாங்க நடந்தா தசையில லாக்டேட்னு ஒரு பொருள் ஊறும். அது போய்ப் புரதத்துல ஒட்டிக்கும். ஒட்டினா அந்தப் புரதம் வேலை செய்யற விதமே மாறிடலாம். நோயில அது நல்லது பண்ணுதா கெட்டது பண்ணுதான்னு பார்க்கத்தான் இந்தப் பாடு. மாற்றம் உங்க ரத்தத்துல இருக்கு. நடந்தவர் ரத்தத்துல இல்லை!"

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவளா நடந்தா? அடுத்த தெருக் கடைக்குப் போகவே வண்டி கேப்பா! ரத்தம் பிடிச்ச குழாயை மாத்தி வெச்சிருப்பீங்க டாக்டர்."

"மாத்தலை சார். திரும்பவும் பார்த்தாச்சு."

"அப்ப எனக்குத் தெரியாம நடந்திருக்கா. பாதியில பள்ளிக்கூடத்தை விட்டவளை ஆராய்ச்சியில சேர்த்தா வேற என்ன நடக்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாம்மா நடந்துட்டேன். மன்னிச்சுக்கங்க. என் பேரை அடிச்சுடுங்க. அவரை மட்டும் வெச்சுக்கங்க."

"எங்க உழைப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?" என்று கடிந்துவிட்டு, டாக்டரம்மா கணவர் பக்கம் திரும்பினார். "சார், உங்க பிரஷரும் இறங்கலை. தினம் நடந்தும் இறங்கலைன்னா மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான். எழுந்து நின்னா கொஞ்சம் தலை சுத்தும், பயப்படாதீங்க."

பேனா காகிதத்தைத் தொட்டது.

"வேண்டாம்மா!" அவள் எழுந்தே விட்டாள். "கூட்டாதீங்க. அவர்... அவர் நடக்கவே இல்லை."

"அடியே!"

"பூங்காவுக்குப் போவார். பெஞ்சுல உட்கார்ந்து சிநேகிதங்களோட ஊர்க்கதை. கிளம்பும்போது குழாயில முகத்தை நனைச்சுக்கிட்டு, வேர்த்து வந்த மாதிரி வருவார்."

கணவர் முகத்தில் அசடு வழிந்தது. "உனக்கு எப்படிடீ தெரியும்?"

"வழியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டீங்கன்னா யார் தூக்கறது? தினம் உங்க பின்னாலேயே வந்தேன். ஒரே இடத்துல நின்னா பார்த்துடுவீங்க. அதான் நீங்க எழுந்திருக்கற வரைக்கும் பூங்கா மதிலைச் சுத்திச் சுத்தி, ஓட்டமும் நடையுமா, கம்பி வழியா உங்களைப் பார்த்துக்கிட்டே..."

"அப்பவே வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உங்களுக்குக் கோபம் வரும். கோபம் நெஞ்சுக்கு ஆகாதுங்களே."

டாக்டரம்மா பேனாவை மூடினார். சிரிப்பை அடக்குவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. "ரெண்டு பேருக்கும் இனிமே ஆராய்ச்சியில இடம் கிடையாது. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க."

மறுநாள் காலையில் அவள் ஒளியவில்லை. கணவர் கையை இறுகப் பிடித்து, பெஞ்சே இல்லாத தெருவாகப் பார்த்து நடத்திக்கொண்டு போனாள்.