கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு நோட்டீஸ்

டெக்சாஸுக்குப் பிழைக்க வருகிறவர்களுக்கு மொழித் தேர்வு வைக்கும் அதிகாரி எர்வின் க்ராமர். ஆங்கிலத்தில் தடுமாறினால் தயவுதாட்சண்யமே கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்.

பழைய புகைப்படங்களைப் பேசவைக்கும் கருவியை வாங்கியதும், ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தா ஹைன்ரிக்கின் படத்தைத்தான் முதலில் அதில் வைத்தார். தகரப் பெட்டியோடு நின்றிருந்த ஹைன்ரிக் ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். எர்வினுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கருவிதான் மொழிபெயர்த்தது.

"நாற்பது வருஷம் இங்கே இருந்தேன். இங்கிலீஷ் கத்துக்கவே இல்லை. கடைக்காரர், பாதிரியார் எல்லாரும் நம்ம ஊர்க்காரங்கதானே."

எர்வினின் மனைவி லோரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. ஆங்கிலம் தெரியாதவர் பேசுவது கேட்டால் வீட்டுக் கருவிகளே அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது எர்வின் போட்ட விதி.

லோரா வாசித்தாள். "ஹைன்ரிக் க்ராமர் திங்கட்கிழமைக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இப்படிக்கு, எர்வின் க்ராமர்."

கருவி அதையும் ஜெர்மனில் சொல்லிவைத்தது. ஹைன்ரிக் முணுமுணுக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"குடும்பத்தோட வந்தவன், குடும்பத்தோடதான் போவேன்" என்று எர்வினைப் பார்த்தார். "உன் பெட்டி எங்கேப்பா?"