கெங்கம்மா மறைத்த ஷூ

“யோவ், ஊரே நாளைக்கு ஆயுத பூஜைக்குப் புதுசு எட்த்து வச்சுகினு கீது. நீ இன்னான்னா பழைய ஷூவ ஒட்டிகினு குந்திகினு கீற!”

கெங்கம்மா கத்தியும் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் தலை நிமிரவில்லை. ஷூவின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்தான். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டான். லாரி டயரில் வெட்டிய துண்டை அதன் மேல் அழுத்தி, சுத்தியலால் நாலு தட்டு தட்டினான். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி ஷூ மேல் வைத்தான்.

“ஐயய்யோ! அதுல நான் தேங்கா அரைக்கணும்யா!”

“பாரம் இருந்தாத்தான் புடிக்கும் கெங்கா. கயுவிக் குட்த்துடறேன்.”

கெங்கம்மா விடுவதாக இல்லை.

“இது போன வருசம், தொண்ணூத்தொம்போதுல குட்த்த ஷூ. இந்த வருசம் குட்த்த புது ஷூ எங்க?”

“கம்பெனில கீது.”

“கம்பெனில கீதா, பிளாட்பாரத்துக் கடையில கீதா?”

இதற்கு மட்டும் நிமிர்ந்தான். சிரித்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

அவன் வேலை பார்க்கும், இரும்பு உருக்கி வார்க்கும் திருவொற்றியூர் ஃபவுண்டரியில் பர்மனன்ட் ஆட்களுக்கு வருஷம் ஒரு ஜோடி ஷூ உண்டு. சித்திரையில் புதுசு வாங்கி வந்தவன், மறுநாளே அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அதோடு சரி, ஷூ வீடு திரும்பவில்லை. கம்பெனி ஷூவை விற்றுக் குடித்தவர்கள் கதையைக் குழாயடியில் நிறையவே கேட்டிருக்கிறாள். தன் புருஷன் குடிக்க மாட்டான் என்று அதே குழாயடியில் பீற்றிக்கொண்டதும் அவள்தான்.

மறுநாள், இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஃபவுண்டரிக்குப் போனாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தைக் கேட்டுக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அவரவர் மெஷின் பக்கத்தில் யூனிஃபார்மும் ஷூவுமாக நிற்க வேண்டும். மேனேஜர் சுற்றி வந்து பொரியும் லட்டும் கொடுப்பார்.

அவர் நெருங்க நெருங்கக் கெங்கம்மாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. புருஷனுக்கு முன்னால் போய் நின்று, கொசுவத்தை விரித்து அவன் காலை மறைத்தாள்.

“இன்னாத்துக்கு முன்னாடி வந்து நிக்கிற?”

“சும்மா இருய்யா. மிச்சம் மீதி மானத்தயாச்சும் காப்பாத்திக்கறேன்.”

தற்செயலாகப் பக்கத்து மெஷினைப் பார்த்தாள். அங்கே அந்த மெஷின்காரர் மனைவி சிலுவையம்மாளும் புடவையை விரித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த மெஷினில் தாஹிரா, கையிலிருந்த பெரிய பையைப் புருஷன் காலுக்கு முன்னால் இறக்கி வைத்திருந்தாள். கெங்கம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லா ஷூவிலும் லாரி டயர் ஒட்டு.

‘அடப்பாவிங்களா! கூட்டு சேந்து வித்துக் குட்ச்சிருக்கானுங்க!’

அப்போது கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். கூலி ஆட்களுக்குக் கம்பெனி ஷூ கிடையாது. ரப்பர் செருப்போடுதான் கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இன்று பார்த்தால், அத்தனை பேர் காலிலும் இந்த வருஷத்துக் கம்பெனி ஷூ!

லேசாக நொண்டிக்கொண்டு வந்த ஒருவன் கெங்கம்மாவைப் பார்த்து நின்றான்.

“நல்லா கீறீங்களா அண்ணி? நான் கமாலுதீன். சித்திரைல இரும்புக் கொழம்பு தெறிச்சு என் காலு வெந்துச்சு. மறுநாளே அண்ணன் அவரோட புது ஷூவ ஆஸ்பத்திரிக்கே எட்த்தாந்து குட்த்தாரு. அத்தப் பாத்துட்டு பர்மனன்ட்காரங்க அல்லாரும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி குட்த்துட்டாங்க அண்ணி.”

கெங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏன்யா, எங்கிட்ட சொன்னா இன்னா?”

“நீ தெரு பூரா சொல்லுவ. வாங்கிக்கினவனுக்குக் கூச்சமா இருக்காது?”

மேனேஜர் லட்டுத் தட்டோடு அவர்கள் மெஷினுக்கே வந்துவிட்டார்.

கெங்கம்மா கொசுவத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சட்டென்று விலகினாள். கிருஷ்ணப்பனைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“முன்னாடி வந்து நில்லுயா! அல்லாரும் உன் காலப் பாக்கட்டும்!”