மான்கறி

"வருஷா வருஷம் காணும் பொங்கலுக்குப் படவேட்டு மலையில மான் சுட்டு, தெருவுக்கே கறி கொடுக்கிறீங்களாமே? இப்ப அது குற்றம், தெரியுமில்ல?" என்றார் வனத்துறை ரேஞ்சர்.

பன்னீர்செல்வம் வாசலைப் பார்த்தார். தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்று கெஞ்சினாள் மனைவி தேவகி.

"நான்தான் சுட்டேன். எழுதிக்குங்க சார்."

தேவகி ரேஞ்சர் பக்கம் திரும்பினாள். "எவ்ளோ நாள் உள்ள வைப்பீங்க சார்?"

"ஆறு மாசம்கூட ஆகலாம்மா."

அவள் சுவரில் மாட்டியிருந்த பழைய துப்பாக்கியை எடுத்து ரேஞ்சரிடம் நீட்டினாள். "இந்த லீவரை இழுத்துப் பாருங்க."

ரேஞ்சர் இரண்டு கையாலும் இழுத்தார். துருப்பிடித்த லீவர் அசையவே இல்லை.

"எங்க மாமனார் காலத்துலயே இறுகிப்போச்சு சார். இவரு களம்பூர்ல ஆட்டுக்கறி வாங்கிகினு வருவாரு. நான்தான் மசாலாவைத் தூக்கலாப் போட்டு சமைச்சுக் குடுப்பேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். ரேஞ்சரும் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தபிறகும் தெருக்கோடி வரை சிரிப்பு கேட்டது.

தேவகி நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னீர்செல்வம் தலை நிமிரவில்லை.

"ஆறு மாசம்தானே தேவகி," என்றார். "போயிட்டு வந்திருப்பேனே."